ஓட்டை விழுந்த வாக்குத்தத்தம்

செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். நம் பிள்ளைகளிடம் சொன்னால் ‘இதுக்குப் போயா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். நம்மைவிடப் பெரியவர்களிடம் சொன்னால் உடனே தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிடுவார்கள். நீங்கள் இரண்டும் செய்ய மாட்டீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு கேட்பீர்கள்.

என் முதல் படைப்பு எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது வெளிவந்தது. ஒரே பிரதி. ஒரே வாசகி. அதன் பிறகு நான் எழுதிய மூன்று நகைச்சுவைப் புத்தகங்களுக்கும் சேர்த்து அப்படி ஒரு வாசகி அமையவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. முப்பது வருடமாக அந்த முதல் படைப்பைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஆரணியில் எங்கள் கோயில் ஒரு அரிசி ஆலைக்கும் ஒரு தறித்தெருவுக்கும் நடுவில் இருந்தது. ஆலையில் நெல் அவிக்கிற நாளில் பிரசங்கம் முழுக்கச் சோற்று வாசனை வரும். ஐயர் பரலோகத்தைப் பற்றிச் சொல்லும்போது எங்களுக்குப் பசிக்கும். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்பினால் நாங்கள் பொறுப்பில்லை.) ‘மௌனமாக ஜெபிப்போம்’ என்று ஐயர் சொன்னால் அந்த மௌனம் அவருக்கு மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பத்துத் தறி அடித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கோயிலில் புது வருடத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒரு தட்டு நிறைய அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேதவசனம். வரிசையாகப் போய், கண்ணை மூடி, ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது அந்த வருடம் முழுவதற்கும் ஆண்டவர் உங்களுக்கென்றே சொன்ன வார்த்தை. பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தரமாட்டார்கள். என் அப்பா ஒரு வருடம் சோம்பேறியைக் கண்டிக்கிற வசனத்தை எடுத்துவிட்டு, டிசம்பர் வரைக்கும் மதியத் தூக்கம் போடாமல் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், வேலூரிலிருந்து வரவேண்டிய அச்சு அட்டைக் கட்டு வரவில்லை. கண்ணமங்கலத்தில் பஸ் நின்றுபோய், ஆட்களெல்லாம் வேறு பஸ் ஏற, கட்டு மட்டும் அங்கேயே தங்கிவிட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஐயர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கேரியரில் ஒரு கட்டு அட்டைத் துண்டுகள்.

“பாப்பா கையெழுத்து அச்சு மாதிரி இருக்குமாமே?” என்றார்.

“அச்சேதான் ஐயரே. நீங்க குடுங்க, அவ எழுதிடுவா” என்றாள் அம்மா. அம்மா பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். என்னைக் கேட்டுப் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

அவை ஜக்கார்டு அட்டைகள். பட்டுப்புடவைக் கரையில் மயிலும் மாங்காயும் விழுவதற்கு, தறிக்கு மேலே ஓட்டை குத்திய அட்டைகளை மாலைபோலக் கோத்து ஓடவிடுவார்கள். அந்த அட்டை குத்துகிற கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைத்தான் ஐயர் கேட்டு வாங்கி வந்திருந்தார். பழுப்பு நிறம், ஒரு முரட்டு வாசனை. மைப்பேனாவை வைத்தால் லேசாக உறிஞ்சும். மூன்று நாள் கூடத்தில் குப்புறப் படுத்து, ஐயர் கொடுத்த பட்டியலைப் பார்த்து எழுதினேன். மேலே வசனம், கீழ் மூலையில் அது வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு.

பட்டியல் முடிந்தது. ஒரு அட்டை மீந்தது. அதில் கீழ் மூலையில், குறிப்பு எழுத வேண்டிய அதே இடத்தில், கடைக்காரர் தவறிக் குத்திய ஒரு வட்ட ஓட்டை.

தூக்கிப் போட்டிருக்கலாம். உலகத்தில் பாதிப் பாவங்கள் மீந்ததை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் நடக்கின்றன. பிறந்ததிலிருந்து வாரம் இரண்டு முறை வேதத்தமிழ் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த நடை எனக்குக் கைவந்த கலை என்று நினைப்பு. எழுதினேன்:

‘அறுந்த இழையை நான் அறிவேன், நீ எழுந்து போகாதே, நானே முடிச்சுப் போடுவேன்.’

படித்துப் பார்த்தேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. பட்டியலில் இருந்த பல வசனங்களைவிட நன்றாக இருப்பதாகக்கூடத் தோன்றியது. (அந்த வியாதி இன்னும் போகவில்லை. பதிப்பாளரைக் கேளுங்கள்.) மற்ற அட்டைகளுக்கு நடுவில் செருகினேன்.

*

தார் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய பெயரை நான் அறிந்தது வெகுகாலம் கழித்து. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சியில் நூல் சுற்றுவதைத்தான் எங்கள் ஊரில் தார் சுற்றுவது என்பார்கள். அவர் எங்கள் பக்கத்துச் சந்தில், அண்ணன் வீட்டில், காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். வயது இருபத்தைந்து இருக்கலாம். புருஷன் பெங்களூருக்கு வேலை தேடிப் போய், அங்கே வேலையையும் வேறொரு குடும்பத்தையும் சேர்த்தே தேடிக்கொண்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டு வருடம் அவர் கோயில் பக்கமே வரவில்லை. நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம். அம்மா போய்க் கூப்பிடும்போதெல்லாம் ராட்டையைச் சுற்றியபடி, “வரேங்க, வரேங்க” என்பார், வர மாட்டார்.

அந்தப் புது வருடத்தன்று வந்தார். கடைசி வரிசைப் பாயில் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். அட்டை எடுக்கும் நேரம் அம்மா அவர் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டாள். அவர் கண்ணை மூடினார். தட்டில் அத்தனை அட்டைகள் இருக்க, விரல் போய் நின்றது ஓட்டை அட்டையில்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினார். “இன்னா எழுதிக்கீது, படி பாப்பா.”

எழுத்தாளர்களுக்குத் தங்கள் படைப்பைச் சபையில் வாசிக்கும் வாய்ப்பு அத்தனை சுலபத்தில் அமையாது. எனக்கு அமைந்தது. நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

“இன்னொரு தபா படி.”

வாசித்தேன். மூன்றாவது தடவை வாசிக்கும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், முந்தானையைக்கூட எடுக்காமல். அம்மாவும் அழுதாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை உங்களிடம் மறைக்க முடியாது: என் எழுத்துக்கு ஒருவர் அழுகிறார் என்ற சந்தோஷம்.

அட்டையின் ஓட்டையில் ஒரு பட்டிழையைக் கோத்து, ராட்டைக்கு எதிரே ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டார்.

*

அந்த வாரமே விளைவு வந்தது. அவருடைய அண்ணன் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். புடவை வியாபாரி ஒருவரின் வயதான தாயாரைப் பார்த்துக்கொள்ள, அக்காவைப் பெங்களூருக்கு அனுப்புவது. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தங்கல். வெள்ளிக்கிழமை பஸ் என்று பேசி முடித்திருந்தார்கள். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். சந்து முழுக்கக் கேட்டது.

“ஏன்டி போவ மாட்ட? உனுக்கு இங்க இன்னா வெச்சிக்கீது?”

“எழுந்து போவாதேன்னு ஆண்டவரு சொல்லிட்டாரு.”

“எப்ப சொன்னாரு? எங்கிட்ட சொல்லலியே!”

“எழுத்துல சொல்லிக்கீறாரு. தோ, மாட்டிக்கீது பாரு.”

நான் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். அண்ணியின் குரல் அதற்கு மேலே ஏறியது. “இன்னும் எம்மாம் நாளிக்கி எங்க தலையில ஒக்காந்துகினு இருக்கப் போறே?” ராட்டை சுற்றும் சத்தம் மட்டும் வந்தது. ஆண்டவர் பேரில் நான் எழுதிய ஒற்றை வரியை நம்பி ஒரு பெண், அவரை வேண்டாத வீட்டிலேயே தங்கிவிட்டார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மா வயிற்றில் பூச்சி என்று விளக்கெண்ணெய் கொடுத்தாள். தண்டனை கிடைத்துவிட்டது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். குழந்தைகளின் இறையியல் அப்படிப்பட்டது.

அக்கா இப்போது ஞாயிறுதோறும் கோயிலுக்கு வரத் தொடங்கினார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அந்த வசனம் வேதத்தில் எந்த இடத்தில் வருகிறது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்.

ஐயரிடம் கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஐயர் அட்டையை வாங்கிப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “அது... தீர்க்கதரிசிகள் பக்கம் வருதும்மா. பின்னாடி” என்றார். ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியாரிடம் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை: “ராஜாக்கள் காலத்துல வர்ற வசனமாச்சே!” என்றார். கடைசியில் என் அம்மாவிடம் வந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, “அதுவா? சின்ன வயசுல மனப்பாடம் பண்ணியிருக்கேனே” என்றாள்.

ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. வேதம் தெரிந்தவர்கள் என்று சபையில் பெயர் வாங்கியவர்கள். ஒரு தார் சுற்றும் பெண் கேட்டுத் தெரியாமல் போனால் நன்றாக இருக்காதல்லவா. அவர்களில் ஒருவர் ‘தெரியலையேம்மா, தேடிப் பார்க்கிறேன்’ என்றிருந்தால் அத்தோடு என் குட்டு உடைந்திருக்கும். சிறுமியான நான் அதிசயித்துப் பார்த்தேன். பொய் சொல்ல நான் தனியாகக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. எல்லாம் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

அக்கா மூன்று பதிலையும் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். “ஆளுக்கு ஒரு எடம் சொல்றாங்க. எனுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்துட்டா நானே பாத்துக்குவேன்” என்றார்.

அம்மா உடனே அறிவித்தாள்: “எம் பொண்ணு சொல்லிக்குடுப்பா. சாயந்தரம் சாயந்தரம்.”

*

கோயிலுக்குப் பின்னால் ஒரு புங்கமரம். அதன் அடியில் சிமெண்ட் மேடை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் என் பழைய பலகையோடு போவேன். மரச்சட்டம் போட்ட கல் பலகை; ஒரு மூலை உடைந்திருக்கும். சாயங்காலத் தாரை ராத்திரிக்கு ஒதுக்கிவிட்டு, அக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். விரல் நுனிகளில் பட்டு நூல் இழுத்த மெல்லிய வெட்டுக் கோடுகள். பலப்பத்தைப் பிடித்தால் சாயம் ஒட்டும். ஒரு நாள் சிவப்பு அ, ஒரு நாள் பச்சை ஆ.

“இன்னா டீச்சரு, இன்னிக்கி லேட்டு? பிரம்பு எடுக்கட்டா?” என்பார்.

அவர் சிரிப்பதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பெண்கள் சங்கத்தில் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் பூ வைக்கும் வேலை அவருக்கு வந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு ஓலைச் சிலுவை முடையச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அந்த விரல்களுக்கு ஓலையெல்லாம் விளையாட்டு. கோயிலுக்குள் வந்தபோது தூணோடு ஒட்டியிருந்தவர், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் நடுப்பாய்க்கு வந்துவிட்டார். எல்லோரும் என் அட்டையின் மகிமை என்றார்கள். அதாவது ஆண்டவரின் மகிமை என்றார்கள்; எனக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது.

பிரச்சினை என்னவென்றால் அவர் படுவேகமாகக் கற்றார். நான் ஒரு வாரத்துக்கு என்று வைத்திருந்த எழுத்துகளை இரண்டு நாளில் முடித்துவிடுவார். ஆயிரம் இழையில் அறுந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கிற கண் அது. எழுத்துகளுக்கு அதனிடமிருந்து தப்ப வழியில்லை. இந்த வேகத்தில் போனால் அவர் வேதத்தை முழுதாகப் படித்துவிடுவார். படித்தால் அந்த வசனம் அங்கே இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்தால் பெங்களூருக்குப் போகாததெல்லாம் எதற்காக என்று ஆகிவிடும். அப்புறம் அவர் மறுபடி தூணோடு ஒட்டிக்கொள்வார். நானும் மாட்டிக்கொள்வேன். கடைசிக் காரணத்தைத்தான் நான் முதலில் நினைத்தேன்.

எனவே வேகத்தைக் குறைக்கப் பார்த்தேன். ஒரே எழுத்தை நூறு தடவை எழுதச் சொன்னேன். எழுதினார். தலைவலி என்று நான்கு நாள் போகவில்லை. அக்கா வீட்டுக்கே வந்து, என் நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுவிட்டுப் போனார்.

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலையும் நேரம். பீடத்துக்கு மேலே வளைவில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் எழுதியிருக்கும். அக்கா நடுவில் நின்று, அண்ணாந்து, ஒவ்வொரு எழுத்தாக, பிறகு ஒவ்வொரு சொல்லாக, அதைச் சத்தமாகப் படித்து முடித்துவிட்டார். கோயில் அப்படியே நின்றது. உபதேசியார் கை தட்டினார். கோயிலில் கை தட்டும் வழக்கமே எங்களுக்கு அப்போது கிடையாது.

மறுநாள் மாலை. புங்கம்பூ உதிர்ந்து மேடையெல்லாம் வெளிறிக் கிடந்தது. அக்கா ஒரு பழைய காலண்டர் தாளைக் கொண்டு வந்து அதைப் படித்துக் காட்டினார். ஒரு கூட்டெழுத்தில் தடுக்கினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பள்ளி வாத்தியாரம்மா பேசுகிற அதே குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்:

“அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு எழுத்து வருது. படிப்பு வராது. சில பேருக்கு அப்படித்தான், மண்டை அப்படி. எங்க டீச்சரே சொல்லியிருக்காங்க. கஷ்டப்படாதீங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு பதினோரு வயதுப் பெண்ணின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் படிக்க முடிந்திருக்குமோ என்னவோ. “அப்படியா டீச்சரு?” என்றார். “செரி.” பலகையை முந்தானையால் சுத்தமாகத் துடைத்து, என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு அவர் புங்கமரத்தடிக்கு வரவில்லை. எனக்குக் கோடை விடுமுறை. அத்தனை நிம்மதியான விடுமுறை என் வாழ்க்கையில் இல்லை. அதைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

*

ஜூன் மாதம் புதுப் புத்தகம் வாங்க அப்பாவோடு பஸ் நிலையத்தைக் கடக்கும்போது பார்த்தேன். அக்கா கையில் நூல் பையோடு ஒரு தூணருகே நின்றிருந்தார். பஸ் எதற்கும் ஏறவில்லை. ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நிற்க, தலையைத் தூக்கி, உதடு அசைய, போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். போ... ளூர். கண்... ண... மங்... கலம். பஸ் கிளம்பிவிட்டால் அடுத்த பஸ். பக்கத்தில் நின்ற கண்டக்டர், “எம்மா, எந்த ஊருக்குத்தான் போவணும், சொல்லேன்!” என்று கத்தினார்.

“எங்கயும் போவல. நீ போ” என்றார் அக்கா.

இப்படி ஒரு டீச்சரும் இல்லாமல் பஸ் போர்டு, சினிமா சுவரொட்டி, மளிகைக் கடைப் பொட்டலத் தாள் என்று ஊரையே பாடப்புத்தகமாக வைத்து அவர் படிக்கப் பழகிக்கொண்டார். ஐயர் அவருக்குப் பெரிய எழுத்து வேதம் ஒன்று கொடுத்தார். தினம் தார் சுற்றி முடித்ததும் ஒரு பக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து. விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம்.

மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. நான் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு நாள், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மொத்தம் படிச்சி முடிச்சிட்டேன் டீச்சரு. அந்த வசனம் இல்ல.”

நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

“நான்தான் எங்கனா தாண்டிட்டிருப்பேன்” என்றார் அவர். “எனுக்குத்தான் படிப்பு வராதே. செரி, இன்னொரு தபா மொதல்லேர்ந்து பாக்கறேன்.”

*

நான் சென்னைக்குப் போனேன். மற்றவர்களைச் சிரிக்கவைப்பதைத் தொழிலாக்கிக்கொண்டேன். ஆரணிக்கு வந்தால் அம்மாவைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை தங்குவதைத் தவிர்ப்பேன். அம்மா இதை நாத்திகம் என்று நினைத்தாள். நாத்திகமாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவைப் பற்றி அம்மா சொல்வதுண்டு. அண்ணன் வீட்டை விட்டுக் கோயில் வளாகத்தில் ஒரு அறைக்கு வந்துவிட்டாராம். புருஷனை இழந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், வீட்டில் அடி வாங்கியவர்கள் என்று யாராவது ஒருவர் எப்போதும் அந்த அறையில் இருப்பார்களாம். அவர் பெரிதாக ஆறுதல் சொல்வதில்லையாம்; காபி போட்டுக் கொடுத்து, கையில் ஏதாவது வேலையைத் திணித்துவிடுவாராம். “ஐயரு மூணு பேரு மாறிட்டாங்க. கோயில் அவ கையிலதான் நிக்குது” என்றாள் அம்மா. “ஒண்ணே ஒண்ணுதான். சபைக்கு முன்னால வேதபாடம் வாசிக்கச் சொன்னா மட்டும் எழுந்திருக்கவே மாட்டா. ஒவ்வொரு ஐயரும் பட்டியல்ல அவ பேரைப் போட்டுப் பாத்தாச்சு. ‘எனுக்குப் படிப்பு வராதுங்க’ன்னுடுவா. ஏழு தபா வேதம் படிச்சவ! அவ்வளவு தாழ்மை.”

அம்மா அதைத் தாழ்மை என்றாள். சபையே அப்படித்தான் நினைத்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நான் என் வசனத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. ஒரு வாரம் தங்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை மாலை, சொல்லிவிடுவது என்று கோயிலுக்குப் போனேன். அக்கா பீடத்தருகே உட்கார்ந்து சம்பங்கிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி.

“டீச்சரு!” என்றார். “வா, ஒக்காரு. தோ, இத்தக் கிள்ளு.” கையில் ஒரு கொத்துப் பூ வந்துவிட்டது.

“அக்கா, அந்த ஓட்டை அட்டை...”

“கீது. பொட்டில பத்திரமா கீது.”

“அதை எழுதினது நான்.”

“உங் கையெழுத்துதானே.”

“கையெழுத்து மட்டும் இல்லக்கா. வசனமே நான் எழுதினது. என் மண்டையிலேர்ந்து. வேதத்துல எங்கயும் கிடையாது.”

அவர் கை நிற்கவில்லை. “ரெண்டாவது தபா படிக்கறப்பவே தெரிஞ்சிபோச்சி. எழை அறுந்தா எழுந்து போவாம முடிச்சி போடணும்னு ஆண்டவரு எங்கயும் பேசல. இது ஆரணிக்காரங்க எழுதுனதுன்னு நெனச்சேன். ஆரணில அச்சு மாதிரி எழுதற ஆளு யாரு?”

“தெரிஞ்சப்புறமும் ஏன் அத்தனை தடவை படிச்சீங்க?”

“படிக்கத் தெரிஞ்சிச்சி, படிச்சேன். அதுல இன்னா?”

“என்னாலதானே நீங்க பெங்களூர் போகல. அண்ணி கிட்ட அத்தனை பேச்சு...”

அவர் சிரித்தார். “அட, இத்தையா இம்மாம் நாளு தூக்கிகினு திரியறே? எனுக்கே போவ இஷ்டம் இல்ல. ஓடிப்போனவன் இருக்கற ஊருக்கு, ஒரு கெழவிக்குப் பீ வார நான் போவணுமா? முடியாதுன்னு நான் சொன்னா அண்ணன் அடிக்கும். ஆண்டவரு சொன்னா அடிக்குமா? நல்ல நேரத்துல எழுதிக் குடுத்த, போ.”

முப்பது வருடம் ஊட்டி வளர்த்த குற்றம், ஐந்து நிமிடத்தில் என் கையை விட்டுப் போயிற்று. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவ்வளவு பெரிய தவறு செய்தவள் என்ற மரியாதையையாவது எதிர்பார்த்திருந்தேன்.

அவர் பூவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“டீச்சரு, நான் ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்கக்கா.”

“அந்தப் புங்கமரத்தடில, எனுக்குப் படிப்பு வராதுன்னு சொன்னியே. மண்ட அப்படின்னு. அது நெசமா? இல்ல, அதுவும் நீயா எழுதுனதா?”

சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். ஏழு முறை வேதத்தைப் படித்தவர், ஊரே தேடி வரும் அந்த மனுஷி, பதில் என்னவாக இருக்குமோ என்று ஒரு பயத்தோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுவும் நான் எழுதினதுதான் அக்கா” என்றேன். “எங்க டீச்சர் அப்படிச் சொல்லவே இல்ல. நீங்க ரொம்ப வேகமாப் படிச்சீங்க. நான் மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன்.”

அவர் கழற்றிய கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது விசைத்தறி ஓடுகிறது.

“வேகமாவா படிச்சேன்?”

“ரொம்ப.”

“அடிப்பாவி” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மீதிப் பூவை இரண்டு பேரும் கிள்ளி முடித்தோம்.

மறுநாள் ஆராதனையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாய் போய் பெஞ்சு வந்துவிட்டது. இளவயது ஐயர் வேதபாடத்துக்கு அக்காவின் பெயரை வழக்கம்போல, வழக்கத்துக்காக, சொல்லிவிட்டு, அவருக்குப் பதிலாக வாசிக்க வேறொருவரைப் பார்த்துத் தலையசைக்கப் போனார். அதற்குள் மூன்றாவது பெஞ்சில் அக்கா எழுந்துவிட்டார். புடவையை நீவிக்கொண்டு நடந்து போய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார். விரலை முதல் சொல்லுக்குக் கீழே வைத்தார்.

இரண்டாவது வரியில் தடுக்கினார். நின்றார். பின்னால் போய் அந்தச் சொல்லைத் திரும்பப் படித்தார். அதன் பிறகு நிற்கவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அன்றைய பாடம் பத்து வசனம். பத்தும் முடிந்தது. அவர் பதினொன்றாவதைப் படித்தார். பன்னிரண்டாவதையும். அதிகாரம் முடிந்து, பக்கத்தைத் திருப்பி, அடுத்த அதிகாரத்துக்குள் போய்விட்டார். ஐயர் பாதி எழுந்தார், யோசித்து, உட்கார்ந்துவிட்டார்.

கண்ணில் கட்டோடு இருந்த அம்மா என் தொடையைத் தட்டினாள். “பாடம் எப்பவோ முடிஞ்சிபோச்சிடி. நீதானே அவளுக்கு டீச்சர். நிறுத்தச் சொல்லு.”

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை நிறுத்தியிருக்கிறேன். அது போதும்.